குடிக்காமல் வைத்த தண்ணீர்

1

செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் வீட்டுக் காரியம் கெட ஆரம்பித்தது. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், பல்கலைக்கழகம் அதைக் கேமராவில் பிடித்து வைத்திருக்கிறது. படத்தின் மூலையில் மணி ஓடுகிறது. என் மகள் நித்யா ஓர் அறைக்குள் போகிறாள். நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இருக்கும் வெள்ளைக்காரப் பெண்மணியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறாள். கொடுத்த கண்ணாடி டம்ளரைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருக்கிறாள். குடிக்காமல் மேசைமேல் வைக்கிறாள். அப்புறம் ஒரு வார்த்தையும் பேசாமல் அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். இதற்காகத்தான் அவளை நர்ஸ் படிப்பிலிருந்து நீக்கலாமா வேண்டாமா என்று படித்த பெரியவர்கள் கூடிப் பேசினார்கள்.

என் ஊரான கோட்டைக்குப்பத்தில் யாராவது அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் பாதியிலேயே வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றிருப்பார்கள். இங்கே, இங்கிலாந்தின் வடக்கில் உள்ள இந்த ஈர ஊரில், "தகவல் தெரிவிக்கும் திறன் காணப்படவில்லை" என்று எழுதினார்கள்.

நான் பழவேற்காட்டுப் பக்கத்துக் கோட்டைக்குப்பத்தில் பிறந்து, பஸ் பிடித்துப் பொன்னேரிக்குப் போய்ப் பட்டம் வாங்கி, கல்யாணமாகி இங்கே வந்தவள். என் வீட்டுக்காரர் இந்த ஊரில் பஸ் ஓட்டுகிறார். நான் நகராட்சியின் வரி அலுவலகத்தில் போன் எடுக்கிறேன். நித்யா எங்களுக்கு ஒரே பிள்ளை. நடந்தது முடிந்து சில வாரங்கள் ஆகின்றன. வீட்டில் போன் மணி அடித்தால் இன்னமும் மூன்றாவது மணிக்குத்தான் எடுக்கிறேன். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

2

நர்ஸ் படிப்பு என்றால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? ஊசி, கட்டு, மருந்தின் அளவு, படுத்த படுக்கையாய்க் கிடப்பவரைப் புரட்டிப் போடும் விதம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதெல்லாம் இங்கே நன்றாகவே கற்றுத் தருகிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாம் வருஷத்தில் ஒரு பாடம் வந்தது. கலைகள் வழியாகப் பரிவைக் கற்றுக்கொள்ளும் பாடமாம். நோயாளியை நேசிப்பது புத்தகத்தால் வராது, களிமண்ணால் வரும் என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அதை நடத்துகிற அம்மாளுக்கு நான் வைத்த பெயர் களிமண் டீச்சர். கழுத்தில் பெரிய மரமணிகள். தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் நின்று பேசுவது போல எப்போதும் ஒரு குரல். முதல் வகுப்பில் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, ஆளுக்கு ஓர் உருண்டை மண் கொடுத்து, உங்கள் பரிவுக்கு என்ன உருவமோ அதைச் செய்யுங்கள் என்றாராம். என் மகள் நண்டு செய்துவிட்டு வந்தாள். போட்டோவை எனக்கு அனுப்பினாள். நல்ல நண்டுதான், கொடுக்கு இரண்டும் சரியாக இருந்தது.

"நண்டை எதுக்குடி செஞ்ச?"

"கை தானா செஞ்சதும்மா."

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"அந்த ஓடு என்னோட தற்காப்பு உணர்வான்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன். ஆமான்னா மார்க் வரும்."

அடுத்த வாரம் பழைய பத்திரிகைகளைக் கிழித்து ஒட்டி வலிக்கு ஒரு படம் செய்தார்கள். அதற்கடுத்த வாரம் முகமூடி. இன்னொரு வாரம் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் இருந்தார்கள். மௌனமும் ஒரு பராமரிப்பு, உடம்பே பேசும், வார்த்தை கடைசியில்தான் என்று டீச்சர் சொன்னதை நித்யா எழுதி வைத்திருந்தாள். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மண்ணுக்கு மார்க் கிடையாது. மண்ணைப் பிசைந்தபோது என்ன தோன்றியது என்று வீட்டுக்கு வந்து எழுதுகிறார்களே, அந்தப் பக்கங்களுக்குத்தான் மார்க். நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ஏராளமான பரிவு இருப்பதாக முடிவாகிறது. நித்யாவின் வகுப்பில் ஒரு பையன் மண்ணைத் தொடவே இல்லையாம். தொடாமல் இருந்தபோது தனக்குள் எழுந்த தயக்கத்தைப் பற்றி எழுதி முதல் மார்க் வாங்கினான்.

நான் சிரித்தேன். வரி அலுவலகத்தில் மதிய சாப்பாட்டு நேரத்தில் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். இது எங்கள் வீட்டுத் தலையிலேயே விழும் என்று அப்போது தெரியாது.

3

கடைசியாக நாடகம். ஒரு நடிகையைக் கூலிக்கு அழைத்து வந்து ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். அவர் கணவர் அறுவை சிகிச்சையில் இறந்துவிட்டார் என்பது கதை. மாணவர்கள் ஒவ்வொருவராகப் போய் அவருக்குச் செய்தியைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அடுத்த அறையில் திரையில் பார்ப்பார்கள். நித்யாவின் முறை வந்தபோது அவள் போய்த் தண்ணீர் கேட்டாள்.

ஏன் கேட்டாள் என்று ஊரில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் குப்பத்தில் கடலிலோ ஏரியிலோ ஒருவர் போய்விட்டால், செய்தி கொண்டுவருகிறவர் வாயைத் திறந்து அதைச் சொல்ல மாட்டார். அந்த வீட்டுக்குப் போய்க் குடிக்கத் தண்ணீர் கேட்பார். வாங்கிய தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு உட்கார்வார். சாவு வீட்டில் பிணம் எடுக்கும்வரை யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. ஆகவே குடிக்காமல் வைத்த தண்ணீரைப் பார்த்ததும் தன் வீடு என்ன வீடாகிவிட்டது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடும். முதல் ஆளாக அந்த வார்த்தையைச் சொன்னவன் என்ற பெயர் யாருக்கும் வேண்டியதில்லை.

எதிர்வீட்டு ராணியக்கா ஞாபகத்துக்கு வருகிறாள். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு விடிகாலை அவள் வாசலில் இரண்டு பேர் வந்து தண்ணீர் கேட்டார்கள். அவள் கொடுக்கவில்லை. நிரம்பிய குடத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "தண்ணி இல்ல. எங்க வூட்ல தண்ணி இல்ல. வேற வூட்ல கேளு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வந்தவர்களும் போகவில்லை. வெயில் ஏறும்வரை நின்றார்கள். கடைசியில் அவளே மொண்டு கொடுத்தாள்.

எனக்கும் ஒரு நாள் அப்படி வந்தது. என்னைப் பெற்ற நைனாவின் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்த செய்தி என் வீட்டுக்காரருக்குத்தான் முதலில் போனில் வந்தது. அவர் பஸ் டிப்போவிலிருந்து சீருடையோடு நடுப்பகலில் வீட்டுக்கு வந்தார். இந்தச் சமையலறையில்தான். "சரசு, குடிக்கத் தண்ணி குடு" என்றார். குழாயில் பிடித்துக் கொடுத்தேன். அதைத் தொட்டி ஓரத்தில் வைத்தார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேசையில் நித்யா கலர் பென்சிலால் ஏதோ தீட்டிக்கொண்டிருந்தாள். சின்னப் பெண். அவள் பார்த்தாள் என்றே நான் நினைக்கவில்லை.

இந்தப் பெண்ணைப் பற்றி நான் எவ்வளவு புலம்பியிருப்பேன். பழவேற்காடு என்று சரியாகச் சொல்ல வராது. போன முறை ஊருக்குப் போனபோது முள்ளில்லாத மீன் கேட்டாள். பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நம்முடையது எதுவும் இவளிடம் ஒட்டவில்லை என்று அழாத குறையாகச் சொல்லியிருக்கிறேன். அவள் கொண்டுவந்து காட்டிய கேமராப் படத்தைப் பார்த்துவிட்டு, உனக்கு இதை யாருடி சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

"யாரும் சொல்லலம்மா. எல்லா வீட்லயும் இப்படித்தான்னு நெனச்சேன்."

"எல்லா வீட்லயுமா?"

"உலகம் பூரா. டீவியில காட்ட மாட்டாங்க, அவ்ளோதான்னு நெனச்சேன்."

இப்படி ஒரு தப்பை வேறு எந்த ஊர்ப் பெண்ணும் செய்திருக்க முடியாது.

நடிகை என்ன செய்தார் என்று சொல்லவில்லையே. அவர் டம்ளரைப் பார்த்தார், நித்யாவைப் பார்த்தார், மறுபடியும் டம்ளரைப் பார்த்தார். பிறகு நிஜமாகவே அழுதார். நடிப்பழுகை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? இது அது இல்லை. அறையை விட்டு எழுந்து போய்விட்டார், திரும்பி வரவில்லை. மௌனமும் ஒரு பராமரிப்பு என்று சொன்ன களிமண் டீச்சர் எழுதிய அறிக்கையில், மாணவி எந்தத் தகவலும் தெரிவிக்கவில்லை, எதிரில் இருந்தவருக்கு மன உளைச்சல் உண்டாக்கினார் என்று இருந்தது. மௌனமாக இருக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள், ஒரு பெண் நிஜமாகவே மௌனமாக இருந்ததும் பயந்துவிட்டார்கள்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். போய்விட்டார், தூங்கிவிட்டார் என்றெல்லாம் சுற்றி வளைத்தால் கேட்கிறவர் நம்பிக்கையோடு காத்திருப்பார். அது பாவம். அந்த விதியை நான் பழிக்கவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லி, மறுபடி செய் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அதற்கா விசாரணை?

4

இந்த ஊர்க் கடிதங்கள் எப்படி எழுதப்படுகின்றன என்று எனக்குத் தெரியும். நானும் அவற்றை அனுப்பிச் சம்பளம் வாங்குகிறவள்தான். முதல் பத்தியில் உங்கள் நலனில் அக்கறை. இரண்டாம் பத்தியில் கத்தி. மூன்றாம் பத்தியில், மனச்சோர்வு ஏற்பட்டால் இந்த எண்ணை அழையுங்கள். நித்யாவுக்கு வந்ததும் அப்படியேதான் இருந்தது. மூன்று பேர் கொண்ட குழுவின் முன்னால், அதே நடிகையிடம், அதே செய்தியை அவள் மறுபடி சொல்ல வேண்டும். இறந்துவிட்டார் என்ற வார்த்தை வாயிலிருந்து தெளிவாக வந்தால் கடைசி வருஷத்துக்கு வார்டுக்குப் போகலாம். வராவிட்டால் படிப்பு அதோடு நின்றுவிடும்.

அதே நாள் சாயங்காலம் இன்னொரு மின்னஞ்சல் வந்தது. களிமண் டீச்சரிடமிருந்துதான். வசந்த காலத்தில் கலை விழா ஒன்று நடத்துகிறார்களாம். அந்தத் தண்ணீர்க் காட்சியை நித்யா மேடையில் செய்து காட்ட முடியுமா, உங்கள் பண்பாட்டின் ஆழமான வெளிப்பாடு அது, முடிந்தால் புடவையில் வரவும் என்று எழுதியிருந்தார். காலையில் எதற்காகப் பிள்ளையை வெளியே தள்ளப் பார்த்தார்களோ, அதையே சாயங்காலம் விளக்குப் போட்டுக் காட்டக் கேட்கிறார்கள். இதில் அவருக்கு முரண்பாடு எதுவும் தெரியவில்லை. அவர் கெட்டவரும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவராக இருந்தால் ஏசிவிட்டுப் போய்விடலாம்.

நித்யா ஒரே வரியில் பதில் போட்டாள். அது காட்சி இல்லை, செய்தி என்று எழுதினாள். நான் அதை வாசித்துவிட்டு, இவ்வளவு சுருக்கமாக எழுதினால் கோபித்துக்கொள்வார்களோ, கடைசியில் ஒரு நன்றி சேர்க்கலாமா என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மனசு தாங்காமல் ஊரில் அண்ணனுக்குப் போன் போட்டேன். அன்று ஏரியில் வலை போடும் முறை அவனுக்கு இல்லை, வீட்டில் இருந்தான். நடந்ததைச் சொன்னேன்.

"இன்னா சரசு, நர்ஸு படிப்புல இன்னாத்துக்கு நாடகம்?"

"நடிச்சுக் கத்துக்கறாங்களாம்ணா."

"சாவு சொல்றதையா? அதுக்கு ஒரு டீச்சரு, அதுக்கு ஒரு பரீட்ச. அதுல நம்ம புள்ள ஃபெயிலு. பொம்ம செய்யறதுக்கும் கூத்தாடறதுக்குமா பிளேன் ஏறிப் போனீங்க?"

கொஞ்ச நேரம் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "அவ தண்ணி கேட்டாளா? நெசமாவா? முள்ளில்லாத மீனு கேட்டாளே, அந்தப் புள்ளயா?"

"அவதான்."

"அந்த வெள்ளக்காரம்மா அழுதுச்சின்ற. அப்போ அதுக்குப் புரிஞ்சிச்சா இல்லியா?"

இங்கே வார்த்தையாகச் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"அப்போ சொல்லச் சொல்லு. ஆனா ஒண்ணு சொல்றேன், ஊட்டுக்காரரு வண்டியில போயிருக்க நேரத்துல, ஊட்டுக்குள்ள அந்த வார்த்தையச் சொல்லிப் பழகிக்கினு இருக்காதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டான்.

5

அதைத்தான் செய்தோம். வேறு வழியில்லை. ஆளில்லாமல் எப்படிப் பழகுவது? களிமண்ணைப் பார்த்துச் சிரித்த நான், இப்போது என் சமையலறையில் கூலியில்லாத நடிகை. நாற்காலியில் உட்கார்ந்து, அறுவை சிகிச்சை முடிந்ததா என்று இங்கிலீஷில் கேட்பேன். நித்யா எதிரே உட்கார்ந்து, மன்னிக்கவும், உங்கள் கணவர் என்று ஆரம்பிப்பாள். அங்கேயே நிற்பாள்.

"சொல்லு."

"வரலம்மா."

"இங்கிலீஷ்தானே. உனக்கு என்ன, தமிழ்லயா சொல்லச் சொன்னாங்க?"

"இங்கிலீஷ்லதான் வர மாட்டேங்குது. அதுதான் எனக்கு நெஜமான பாஷை. தமிழ்ல சொன்னா வெளாட்டு மாதிரி இருக்கும்."

பெற்றவளுக்கு இதைவிட நறுக்கென்று ஒரு பதில் வேண்டாம்.

இத்தனைக்கும் அந்த வார்த்தையை நான் தினம் சொல்கிறேன். கணவரின் பெயரை வரிப் பதிவிலிருந்து எடுக்கச் சொல்லிப் பெண்கள் கூப்பிடுவார்கள். இறந்தவரின் முழுப் பெயர் என்ன, இறந்தவர் கடைசியாக வசித்த முகவரி என்ன என்று, முன்னால் ஒட்டியிருக்கும் அட்டையைப் பார்த்துப் படிப்பேன். உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்பதும் அட்டையில் உண்டு. படித்துவிட்டு டீ குடிப்பேன். எனக்கு ஒன்றும் ஆவதில்லை.

ஒரு நாள் நித்யா பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வார்த்தை வரைக்கும் வந்துவிட்டாள். உதடு பிரிந்தது. நான் எழுந்து போய் அடுப்பை அணைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, அது எரியவும் இல்லை. அவள் அப்பா அந்த நேரத்தில் மழையில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நீயே கேக்க மாட்டேங்கற. நான் எப்படிம்மா சொல்றது?" என்றாள்.

அதற்கப்புறம் நாங்கள் பழகவில்லை. அவர் வேலை முடிந்து வந்து, என்ன, ரெண்டு பேரும் ஒத்திகை முடிச்சாச்சா என்று கேட்டார். பிரமாதமாகப் போகிறது என்றேன். அவருக்குச் சாப்பாடு போடும்போது ஒரு கரண்டி கூடவே வைத்தேன்.

6

குழுவின் முன்னால் போக வேண்டிய நாள் வந்தது. காலை பத்து மணிக்கு அவள் உள்ளே போக வேண்டும். கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். நான் வந்தால் அங்கேயும் எழுந்து அடுப்பை அணைப்பேனாம். லீவு போட்டு வீட்டில் இருந்தேன். பன்னிரண்டு மணிக்குள் முடிந்துவிடும் என்று கடிதத்தில் இருந்தது. பன்னிரண்டுக்குப் போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தாள். ஒரு மணிக்கும் அதேதான். கழுவிய பாத்திரங்களையே மறுபடி எடுத்துக் கழுவினேன். மூன்று வருஷப் படிப்பு முடிந்ததும் இவள் நர்ஸாக வார்டில் நிற்பாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அவளுக்கு வேறு எந்தப் படிப்பும் பிடிக்காது. பத்து வயதில் பொம்மைக்கு டிரிப் ஏற்றிக்கொண்டு திரிந்தவள்.

ராணியக்காவை அடிக்கடி நினைத்துக்கொண்டேன். அவள் பைத்தியக்காரத்தனம் செய்தாள் என்று அந்த நாளில் எல்லோரும் பேசினார்கள், நானும்தான் பேசினேன்.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கதவு திறந்தது. நித்யா ஈரக் கோட்டைக் கழற்றாமல் நேராகச் சமையலறைக்கு வந்தாள். முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. என்ன ஆச்சு என்று நான் கேட்பதற்குள் மேசையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, குடிக்கத் தண்ணி குடு."

என் கையில் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. பக்கத்தில் குழாய் இருந்தது. தண்ணி இல்லடி என்று சொல்ல வாய் வந்தது. உண்மையாகவே வந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயைத் திறந்து பிடித்தேன். கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். டம்ளரை அவள் மேசைமேல் வைத்துவிடுவாள் என்று மேசையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நித்யா மூச்சு விடாமல் குடித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து அடி வரைக்கும் குடித்தாள். அப்புறம்தான் என் முகம் இருந்த இருப்பைக் கவனித்தாள் போலிருக்கிறது.

"ஐயோ அம்மா, பாஸ். பாஸும்மா. சொல்லிட்டேன்."

"வார்த்தையையா?"

"வார்த்தையத்தான். ஆனா நான் உக்காந்த உடனே, கேக்காமலே அந்த நடிகை தண்ணி ஊத்தி என் கையில குடுத்துட்டாங்க. கையில வச்சிக்கிட்டே சொன்னேன். சொல்லிட்டுக் குடிக்காமக் கீழ வச்சேன். அப்புறம் அவங்க என் கையப் புடிச்சிக்கிட்டு விடவே இல்ல." டம்ளரை என் பக்கம் நீட்டினாள். "முடிவு சொல்ல ஒரு மணி ஆக்கிட்டாங்க. காலையிலேர்ந்து ஒரு சொட்டு குடிக்கலம்மா. இன்னொரு டம்ளர் குடு."